மச்சுப்படி ஆடுகிறது: ஆணி அடித்தால் போதுமா?

மச்சுவீடு எழுதியது:

வணக்கம். கும்பகோணம் பக்கம் தாத்தா காலத்து ஓட்டு வீடு. தாழ்வாரத்திலிருந்து மச்சுக்குப் போகும் மரப்படி கொஞ்ச காலமாக ஆடுகிறது. ஏறும்போது உடம்பு இடது பக்கம் சாய்வது போல இருக்கிறது. நாலாவது படியில் கால் வைத்தால் கிறீச்சென்று சத்தம்.

மொத்தம் 13 படி, எல்லாம் தேக்கு. இரண்டு பக்கமும் நீளப் பலகை, நடுவில் மிதிபலகைகள், பின்பக்கம் மூடாமல் திறந்தே இருக்கும். வலது பக்கம் சுவரை ஒட்டியிருக்கிறது, இடது பக்கம் கைப்பிடி. மேலே உத்தரத்தில் சாய்ந்து, கீழே தரையில் நிற்கிறது.

அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. வற்றல், வடாம், பெரிய பாத்திரம் எல்லாம் மச்சில்தான். ஏறாதீர்கள் என்றால் சரி என்பார், நான் வேலைக்குப் போனதும் ஏறிவிடுவார். இங்கே வந்து பார்த்த ஒருவர் நாலு இன்ச் ஆணி நாலு அடித்தால் நின்றுவிடும் என்கிறார். மாமா இதை எடுத்துவிட்டு கான்கிரீட் படி போடச் சொல்கிறார். எதைச் செய்வது?

---

உளிச்சத்தம் எழுதியது:

ஆணி வேண்டாம் அம்மா. காய்ந்த பழைய தேக்கில் ஓரத்தில் ஆணி இறக்கினால் பலகை நீளவாக்கில் பிளக்கும். பிளக்காவிட்டாலும் ஆடுகிற பொருத்தில் ஆணி நிற்காது. ஒவ்வொரு மிதிக்கும் துளையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கிவிட்டு மறுபடி தளரும். அப்புறம் என்னைப் போன்றவன் வந்து அந்த ஆணியைப் பிடுங்கத்தான் அரை நாள் போகும்.

சத்தம் வருகிற படியில்தான் கோளாறு என்று நினைக்காதீர்கள். படி என்பது மேலே ஒரு இடம், கீழே இரண்டு கால், நடுவில் பொருத்துகள். இதில் எங்கே பிடி விட்டாலும் சத்தம் வேறெங்கோ கேட்கும். முதலில் எது நகர்கிறது என்று பாருங்கள்.

ஒருவர் மெதுவாக ஏறட்டும், கனமில்லாத ஆளாக. நீங்கள் படிக்கு அடியில் உட்காராமல் பக்கவாட்டில் நின்று டார்ச் அடித்து, மிதிபலகையும் பக்கப்பலகையும் சேரும் இடத்தில் விரலை வையுங்கள். நகர்ந்தால் விரலுக்குத் தெரியும். பொருத்துக்குப் பக்கத்தில் மரத்தின் நிறத்தையும் பாருங்கள். வருஷக்கணக்காக அழுக்கும் புகையும் படிந்த பலகையில் ஒரு பட்டை மட்டும் புதிதாக வெளுத்துத் தெரிந்தால், அந்த அளவுக்கு மிதிபலகை காடியை, அதாவது பக்கப்பலகையில் அதற்காக வெட்டிய பள்ளத்தை, விட்டு வெளியே வந்திருக்கிறது.

பக்கப்பலகைகள் தரையில் உட்காரும் இடத்தை ஒரு பழைய ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். மேலே உத்தரத்தில் சேரும் இடத்தையும் தான்.

---

காவேரிக்கரை எழுதியது:

உங்கள் மாமா சொல்வதில் தப்பில்லை. எங்கள் வீட்டிலும் மரப்படிதான் இருந்தது, எடுத்துவிட்டு கான்கிரீட் போட்டோம். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் எதற்கு இந்தப் பாடு?

---

ரசமட்டம் எழுதியது:

காவேரிக்கரை சார், உங்கள் வீட்டில் மேல்தளமும் கான்கிரீட் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் சரிதான். இந்த வீட்டில் மச்சு மர உத்தரத்தில் நிற்கிறது, சுவர் சுண்ணாம்புக் காரையில் கட்டியது. 150 மி.மீ. கனமுள்ள கான்கிரீட் பலகம் மட்டுமே சதுர மீட்டருக்கு 375 கிலோ. அதற்கு மேல் படிகள், பூச்சு, அப்புறம் ஏறுகிற ஆள். இந்தப் பாரத்தின் மேல் முனையை எதில் உட்கார வைப்பது? உத்தரத்தில் வைக்க முடியாது, பழைய சுவரைக் குடைந்து செருகுவதும் ஆபத்து. தனித் தூண், அடித்தளம், பீம் என்று போட்டால் செய்யலாம். ஆனால் அது படி மாற்றும் வேலை இல்லை, தாழ்வாரத்தையே பிரித்துக் கட்டும் வேலை.

சரியாக நிற்கிற மரப்படி வீட்டு உபயோகத்துக்குத் தாராளமாகப் போதும். குடியிருப்புப் படிக்கட்டுக்கு இந்தியத் தர விதி ஐ.எஸ். 875 இரண்டாம் பகுதி சொல்லும் பாரம் சதுர மீட்டருக்கு 3 கிலோ நியூட்டன், அதாவது ஏறக்குறைய 300 கிலோ. ஒன்றரை, இரண்டு அங்குலத் தேக்குப் பலகை, பொருத்து இறுக்கமாக இருந்தால், மூட்டையோடு ஏறும் ஆளைத் தாங்கும். பொருத்து விட்டுப் போனதுதான் பிரச்சினை.

---

மச்சுவீடு எழுதியது:

உளிச்சத்தம் ஐயா சொன்னபடி பார்த்தோம். தம்பி ஏறினான், நான் பக்கத்தில் நின்றேன்.

நாலாவது படியிலிருந்து ஏழாவது வரை இடது முனையில் வெளுத்த பட்டை தெரிகிறது. அளந்தால் மூன்று நூல் (எட்டு நூல் ஓர் அங்குலம்). வலது பக்கம் எல்லாம் இறுக்கமாக இருக்கிறது. அடியில் இரண்டு பக்கப்பலகையையும் சேர்க்கும் குறுக்குக் கம்பி மேலே ஒன்று இருக்கிறது, நடுவில் ஒன்று இருந்ததற்கான துளை மட்டும் இருக்கிறது.

இடது பக்கப்பலகையின் அடிக்கால்தான் அதிர்ச்சி. வெளியே பெயின்ட் பளபளப்பாகத்தான் இருந்தது. ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன், குத்தக்கூட இல்லை. பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்தால் கம்பியில் ஈரமான பழுப்புத் தூள் ஒட்டிக்கொண்டு வந்தது, ஊறிப்போன பிஸ்கட் மாதிரி. இது கரையானா? வலது கால் கல் மாதிரி இருக்கிறது. மேலே உத்தரத்தில் எதுவும் இல்லை.

---

உளிச்சத்தம் எழுதியது:

முதலில் படியின் குறுக்கே கயிறு கட்டி மூடிவிடுங்கள். இன்றைக்கே. இந்த மாதிரிப் படியில் காடி வழக்கமாக ஆறு நூல் ஆழம் இருக்கும். மூன்று நூல் வெளியே வந்துவிட்டதென்றால் பாதிப் பிடியில் பலகை நிற்கிறது. இன்னும் கொஞ்சம் விரிந்தால் மிதிபலகை ஆளோடு கீழே வரும். மச்சில் இருக்கிற பாத்திரத்தை அம்மா கேட்டால் தம்பி ஏணி வைத்து எடுத்துத் தரட்டும்.

அது கரையான் மாதிரித் தெரியவில்லை. கரையான் தின்றால் உள்ளே மண் இருக்கும், அடுக்கடுக்காகப் பொந்து விழும், சுவரோரம் மண் குழாய் ஓடும். உளுத்த மரமென்றால் காய்ந்த மாவு கொட்டும், குண்டூசித் துளைகள் தெரியும். ஈரப் பழுப்புத் தூள் என்றால் தண்ணீர் குடித்து இற்றுப்போன மரம். தாழ்வாரத்தைத் தினமும் தண்ணீர் விட்டுக் கழுவுகிறீர்களா? முற்றத்துத் தண்ணீர் அந்தப் பக்கம் ஓடுகிறதா?

மரத்தின் அடிவெட்டு முனை தண்ணீரை மேலே இழுக்கும். சுற்றிலும் பெயின்ட் அடித்து அடியை மட்டும் விட்டுவிட்டால், குடித்த தண்ணீர் வெளியே போக வழியில்லை. பெயின்ட் பளபளப்பாக இருந்ததற்குக் காரணம் அதுதான். வைரம் பாய்ந்த தேக்கு இதையும் பல வருஷம் தாங்கும். ஓரத்து வெள்ளைப் பகுதி தாங்காது.

இப்போது கணக்கு சரியாக வருகிறது. இடது கால் நசுங்கி இறங்கியது. வலது கால் இறங்கவில்லை. படி முறுக்கிக்கொண்டது. நடுக்கம்பி இல்லாததால் பக்கப்பலகை வெளியே விரிந்தது. நாலாவது படி கத்தியது. அந்தப் படியில் ஆணி அடித்திருந்தால் சத்தம் நின்றிருக்கும், கால் இறங்கிக்கொண்டே இருந்திருக்கும். எனக்கு அதுதான் பயம்.

---

மச்சுவீடு எழுதியது:

ஆமாம் ஐயா. தாழ்வாரத்துக்கு டைல்ஸ் போட்ட பிறகு தினமும் கழுவுகிறோம். டைல்ஸ் போட்டவர்கள் படியின் காலைச் சுற்றிச் சிமென்ட் வைத்து அடைத்திருக்கிறார்கள். தண்ணீர் அந்த மூலையில்தான் தேங்கும்.

---

லண்டன்குளிர் எழுதியது:

இந்த இழையைப் படித்துவிட்டு எங்கள் வீட்டுப் படிக்கு அடியில் போய்ப் பார்த்தேன். நாங்கள் யாழ்ப்பாணம், இப்போது லண்டன் ஹாரோ. இங்கேயும் பழைய வீடுகளில் இதே மாதிரி பக்கப்பலகையில் காடி வெட்டி, மிதிபலகையையும் எதிர்ப்பலகையையும் (இரண்டு படிக்கு நடுவில் நிமிர்ந்து நிற்கும் பலகை) செருகி, அடியிலிருந்து ஆப்பு வைத்துப் பசை போட்டிருப்பார்கள். மிதிபலகையும் எதிர்ப்பலகையும் சேரும் உள்மூலையில் சின்ன முக்கோணக் கட்டைகள் ஒட்டியிருக்கும். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடி மரம் காய்ந்து சுருங்கும்போது ஆப்பு தளர்ந்து சத்தம் வரும். எங்களுக்கு அப்படி இரண்டு ஆப்பு கழன்று கீழே கிடந்தது. கட்டைகளை மறுபடி ஒட்டி, ஆப்பைப் பசையோடு இறுக்கியதும் சத்தம் நின்றது.

இங்கே இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். படிக்கு அடியில் இருக்கும் அலமாரியின் உள்பக்கம் பழைய பலகை அடித்திருந்தால் அதை உடைக்கவோ துளையிடவோ வேண்டாம். பிரிட்டனில் ஆஸ்பெஸ்டாஸ் முழுவதுமாகத் தடைசெய்யப்பட்டது 1999-ல்தான். அதற்கு முந்திய வீடுகளில் படிக்கு அடியில் ஆஸ்பெஸ்டாஸ் பலகை இருக்க வாய்ப்புண்டு. சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

---

உளிச்சத்தம் எழுதியது:

நன்றி தம்பி. ஊர் மாறினாலும் மரம் ஒன்றுதான். நம் பக்கத்தில் சித்திரை வெயிலில் சத்தம் கூடும், ஐப்பசி மழையில் மரம் உப்பிச் சத்தம் அடங்கும். மழைக்காலத்தில் சத்தம் நின்றுவிட்டது என்று வேலையைத் தள்ளிப்போடுகிறவர்கள் நிறையப் பேர்.

அம்மா, உங்கள் படிக்கு வேலை வரிசை சொல்கிறேன். உங்கள் ஊர் ஆசாரியிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். தானே செய்துபார்க்கும் வேலை இல்லை இது, படியின் முழுப் பாரத்தையும் தூக்கி நிறுத்த வேண்டும்.

முதலில் முட்டு. மேல் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் குறுக்குக் கட்டை கொடுத்து, அதற்கடியில் சவுக்குக் கழி இரண்டு, கீழே அகலப் பலகை. இடது பக்கத்துக்கு மட்டும் ஜாக்கி. ஒரேயடியாகத் தூக்கக் கூடாது. கொஞ்சம் ஏற்றிவிட்டு, மிதிபலகைகளில் ரசமட்டம் வைத்துப் பார்த்து, மறுபடி கொஞ்சம். மேல் முனை உத்தரத்தை விட்டு நழுவாதபடி முதலிலேயே கட்டிவிட வேண்டும்.

படி மட்டத்துக்கு வந்ததும், இற்ற காலை நல்ல மரம் வரும் வரை தரைக்கு இணையாக அறுத்து எடுங்கள். உளியால் தட்டினால் கணீரென்று வர வேண்டும், பொத்தென்று கேட்டால் இன்னும் மேலே போங்கள். எவ்வளவு உயரம் போகிறதோ அதே உயரத்துக்குக் கருங்கல் துண்டு வரட்டும். சுற்றியிருக்கிற சிமென்டைக் கொத்தி எடுத்துவிட்டு அந்த இடத்தில் கல்லை உட்கார வையுங்கள். கல்லுக்கும் மரத்துக்கும் நடுவில் தார் ஷீட் ஒரு துண்டு. கல்லில் துளை போட்டு ஸ்டெயின்லெஸ் கம்பி ஒன்று நட்டு, மரத்தின் அடியில் இரண்டு அங்குலம் ஏறும்படி வைத்தால் கால் நழுவாது. அறுத்த முனைக்கு எபாக்ஸி பூச்சு இரண்டு கை. இதை விட்டால் மறுபடி அதே கதைதான்.

கல் தரையைவிட இரண்டு அங்குலமாவது உயர்ந்து நிற்கட்டும். கழுவுகிற தண்ணீர் கல்லைத்தான் தொடும்.

---

ரசமட்டம் எழுதியது:

ஐயா சொன்ன அந்த 'அதே உயரம்' மிக முக்கியம். கல் அரை அங்குலம் கூடினாலும் படி சாயும், முதல் படியின் உயரம் மாறும். மற்றப் படிகளைவிட ஒரு படி மட்டும் உயரமோ தாழ்வோ ஆனால் கால் இடறும். கால் கணக்கு வைத்துக்கொண்டுதான் ஏறுகிறது, கண் பார்ப்பதில்லை. டைல்ஸ் போட்டபோதே உங்கள் முதல் படி குட்டையாகியிருக்கும், அளந்து பாருங்கள். வீட்டுப் படிக்குத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016 சொல்வது உயரம் அதிகபட்சம் 190 மி.மீ., மிதிக்கும் அகலம் குறைந்தது 250 மி.மீ. பழைய மச்சுப்படி பெரும்பாலும் இதைவிடச் செங்குத்தாகத்தான் இருக்கும், அதை மாற்ற முடியாது. ஆனால் எல்லாப் படியும் ஒரே அளவில் இருப்பதாவது நம் கையில் இருக்கிறது.

---

மொட்டைமாடி எழுதியது:

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். நாகப்பட்டினத்தில் எங்கள் வீட்டு வெளிப்பக்கம் இரும்புச் சுருள் படி. நடுவில் நாலு இன்ச் குழாய், அதில் படிகள் வெல்டிங். இப்போது ஏறினால் மொத்தப் படியும் நடுங்குகிறது. பெயின்ட் அடித்தால் சரியாகுமா?

---

வெல்டிங்பட்டறை எழுதியது:

பெயின்ட் அடிக்கும் முன்னால் சுத்தியலால் தட்டிப் பாருங்கள் சார். அடியிலிருந்து ஒரு முழம் உயரம் வரை சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். நல்ல குழாய் மணி போலக் கேட்கும். உள்ளே அரித்திருந்தால் சத்தம் செத்துப்போகும், சில இடத்தில் சுத்தியலே குழி போடும். கடற்கரை ஊரில் உப்புக் காற்று வெளியே தின்னும், அது கண்ணுக்குத் தெரியும். உள்ளே தின்பதுதான் தெரியாது. குழாயின் மேல்வாய் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். மூடாவிட்டால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கி அடியில் தேங்கி நிற்கும்.

அடுத்து அடித்தகட்டின் போல்ட்டுகள். நட்டு மேலே இறுக்கமாக இருக்கும், அடியில் போல்ட் மெலிந்து போயிருக்கும். ஒருவர் ஏறும்போது தகட்டோரம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தகடு தூக்கினால் தண்ணீர் உள்ளே போய் வெளியே வரும். மூன்றாவது, மேலே மாடியோடு சேரும் இடம். செங்கல் கைப்பிடிச் சுவரில் சும்மா போல்ட் அடித்திருந்தால் அது ஆடி ஆடிச் செங்கல்லையே பொடியாக்கிவிடும். அந்தப் பிடியைக் கான்கிரீட் தளத்துக்கு மாற்ற வேண்டும்.

குழாய் அரித்திருந்தால் மேலே தகடு வைத்து வெல்டிங் செய்யச் சொல்லாதீர்கள். மெலிந்த இரும்பில் வெல்டிங் ஓட்டை போடும், ஒட்டினாலும் பக்கத்தில் விரியும். அடிப்பகுதியை அறுத்துப் புதுக் குழாய் சேர்க்க வேண்டும், அதுவரை முட்டு. படிக்கும் குழாய்க்கும் நடுவில் வெல்டிங்கில் துருக் கோடு மெல்லியதாகத் தெரிந்தால் அது விரிசல். அந்தப் படியில் கால் வைக்காதீர்கள்.

---

மொட்டைமாடி எழுதியது:

தட்டிப் பார்த்தேன். அடியில் ஒரு ஜாண் உயரத்துக்குச் செத்த சத்தம்தான். மூடியும் இல்லை. பிள்ளைகளை ஏற வேண்டாம் என்று சொல்லிக் கதவைப் பூட்டிவிட்டேன். மிக்க நன்றி.

---

மச்சுவீடு எழுதியது:

எங்கள் ஆசாரியிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். 'இப்படிச் சொன்னால் செய்ய எனக்கென்ன' என்று அவரே ஆள் கூட்டி வந்து காலை முடித்துவிட்டார். நாலரை அங்குலம் அறுக்க வேண்டியிருந்தது, கருங்கல் அதே அளவுக்கு. படி சாய்வு போய்விட்டது. ஆனால் மிதிபலகைகள் தானாகக் காடிக்குள் திரும்பிப் போகவில்லை. சுத்தியலால் அடிக்கலாமா என்று கேட்கிறார்.

---

உளிச்சத்தம் எழுதியது:

நல்லது அம்மா. அடிக்கச் சொல்லாதீர்கள், கம்பியால் இழுக்க வேண்டும்.

அதற்கு முன்னால் காடிக்குள் சேர்ந்திருக்கிற அழுக்கு, பழைய பாலிஷ், மரச் செதில் எல்லாவற்றையும் மெல்லிய உளியால் சுரண்டி எடுக்கட்டும். பலகை திரும்பிப் போகாததற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். மூன்று நூல் இடம் காலியாக இருந்தால் அதில் குப்பை நிரம்பாமல் இருக்குமா?

பிறகு நடுவில் பழைய துளை வழியாக 10 மி.மீ. கம்பி, இரண்டு முனையிலும் மரை வெட்டியது. நட்டுக்கு அடியில் சின்ன வாஷர் போட்டால் மரத்துக்குள் புதைந்துவிடும், இரண்டு அங்குலச் சதுரத் தகடு வையுங்கள். சுவர்ப்பக்கம் கை போக இடமில்லாவிட்டால் அந்த முனைக்குத் தகட்டோடு வெல்டிங் செய்த கம்பியைப் படி முட்டில் இருக்கும்போதே நுழைத்துவிட வேண்டும். கீழே மூன்றாவது படிக்கு அடியிலும் புதிதாக ஒன்று போடுங்கள். இரண்டு நட்டையும் மாற்றி மாற்றிக் கால் சுற்று, கால் சுற்றாக இறுக்குங்கள். இறுக்கும்போது மிதிபலகை முன்னே பின்னே நகராமல் ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும்.

பலகை முழுதாக உள்ளே போனதும் அடியிலிருந்து தேக்கு ஆப்பு. வேறு மரத்தில் வேண்டாம். ஆப்பின் ஒரு பக்கம் மட்டும் பசை, கொட்டாப்புளியால் (மரச் சுத்தியல்) மெதுவாக. இறுகியதும் அடியின் சத்தம் மாறும், அங்கே நிறுத்திவிட வேண்டும். மேலும் அடித்தால் பக்கப்பலகை பிளக்கும். பசை காயும் வரை யாரும் ஏறக் கூடாது.

---

ரசமட்டம் எழுதியது:

மேல் முனையையும் இப்போதே பிடித்துவிடுங்கள். இத்தனை காலம் சும்மா சாய்ந்து நின்றிருக்கிறது. இரண்டு பக்கமும் எல் ஆங்கிள், உத்தரத்தில் ஊடுருவிப் போகும் போல்ட்டோடு. சுவரில் விரியும் போல்ட் அடிக்க வேண்டாம், சுண்ணாம்புக் காரை அந்த விரிவைத் தாங்காது. பூச்சோடு பெயர்ந்து வரும்.

---

மச்சுவீடு எழுதியது:

எல்லாம் முடிந்தது. படி அசையவில்லை. தம்பி அரிசி மூட்டையோடு ஏறி இறங்கிப் பார்த்தான். பத்தாவது படியில் மட்டும் லேசாக ஒரு முனகல் சத்தம். அங்கே எதுவும் நகரவில்லை, விரல் வைத்துப் பார்த்துவிட்டேன்.

இன்னொன்று. அம்மாவுக்குச் சுவர்ப்பக்கமும் ஒரு கைப்பிடி வேண்டும் என்று நினைக்கிறேன். ரசமட்டம் சார் சுவரில் போல்ட் வேண்டாம் என்கிறார், அப்படியானால் எதில் பிடிப்பது?

---

உளிச்சத்தம் எழுதியது:

நகராத இடத்தில் வருகிற சத்தம் மரமும் மரமும் உரசுவது. முகத்துக்குப் போடும் பவுடரை அந்த இடுக்கில் கொட்டி ஏறி இறங்குங்கள், உள்ளே போய்விடும். மெழுகுவத்தியைத் தேய்த்தாலும் சரி. எண்ணெய் விடாதீர்கள், தூசியைப் பிடித்து வைக்கும், பிறகு பசையும் ஒட்டாது.

கைப்பிடியைப் படியிலேயே பிடிக்கலாம். வலது பக்கப்பலகைக்கு உள்பக்கமாக மூன்று இடத்தில் சின்னத் தூண் நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு போல்ட். ஒரே போல்ட் போட்டால் தூண் அதைச் சுற்றித் திரும்பும். கைப்பிடி உருட்டாக இருக்கட்டும், ஒன்றரை அங்குலக் கனம், வயதான கைக்கு முழுதாகப் பிடிபடும். சுவருக்கும் கைப்பிடிக்கும் நடுவில் இரண்டு அங்குலம் விடுங்கள், விரல் நசுங்காது. மேலே கடைசிப் படியோடு நிறுத்தாமல் ஒரு முழம் நீட்டிவிடுங்கள். இறங்கத் தொடங்கும்போதுதான் அம்மாவுக்குப் பிடி வேண்டும்.

---

மச்சுவீடு எழுதியது:

பவுடர் போட்டதும் சத்தம் போய்விட்டது ஐயா. கைப்பிடிக்கு மரம் எடுத்தாகிவிட்டது, ஆசாரி நாளை மறுநாள் வருகிறார். அதுவரை கயிற்றை அவிழ்க்கவில்லை.